புது ஆம்ப்ளிஃபையருக்கு

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள் என்றால், அது கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆம்ப்ளிஃபையர்தான். எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை எடுத்துத் தர எழுந்திருக்காத மனுஷர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதன் மூடியைக் கழற்றி, சின்ன பிரஷ்ஷால் குழந்தைக்குத் தலை வாருவதுபோலத் தூசி தட்டுவார். அப்படியும் திருப்தி கிடையாது. "இது பாதிச் சத்தத்தை முழுங்கிடுதும்மா. புதுசு ஒண்ணு வாங்கினாத்தான் உள்ள என்னென்ன இருக்குன்னு தெரியும்" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார்.

அவர் தன் ஆபரேஷனுக்குக் கிளம்பும் அன்றும் அதே பேச்சு. எனக்கு வந்ததே கோபம். "ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல ஆம்ப்ளிஃபையரா? நீங்களே போய்ச் சேருங்க" என்று கத்திவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் கூடம் காலி. கார் வந்து அழைத்துப் போயிருந்தது. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தது நடந்து இல்லை.

கூடத்தின் நடுவில் அவருடைய சின்ன ரெக்கார்டர் தரையில் இருந்தது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளின் தலையிலும் ஒவ்வொரு மைக். அது அவருடைய வழக்கம். சத்தத்தை எங்கே பிடித்தோமோ அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கேசட்டின் மேல் அவர் கையெழுத்தில் 'புது ஆம்ப்ளிஃபையருக்கு' என்று எழுதியிருந்தது.

அதில் பாட்டு எதுவும் இல்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவிலிருந்து ஒரு டொக், பட்டனை அழுத்தியது. பிறகு அவருடைய செருப்புச் சத்தம், இடது காலைக் கொஞ்சம் இழுத்து எட்டுக் காலடி, வலது பெட்டியை நோக்கி. வாசற்கதவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதன்பின் முக்கால் மணி நேரம் வெறும் இரைச்சல். கார்காரருக்காகக் கதவு திறந்தே கிடந்ததால் கதவுச் சத்தம் இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் வழியனுப்பாத மனுஷர் தானாகக் கிளம்பிப் போகிற சத்தம் அது. ஐந்து வருஷமாக அதைக் கேட்டுத்தான் மனசை ஆற்றிக்கொண்டேன். கோபித்துக்கொண்டு போகவில்லை, நிதானமாகத்தான் நடந்திருக்கிறார் என்று.

போன மாதம் பழைய ஆம்ப்ளிஃபையர் புகைந்து அடங்கிவிட்டது. அவர் ஆசைப்பட்ட மாடலையே மெக்கானிக் தேடிக் கொண்டுவந்தார். முகப்பில் இரண்டு கண்ணாடி மீட்டர், பக்கத்துக்கு ஒரு முள், சத்தத்துக்கு ஏற்ப எழுந்து தாழ்வது. ஜன்னலோரம் இடது பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருடைய நாற்காலியில் உட்கார்ந்து, வயர்களைப் பூட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"ஏம்மா, இதை யாரு மாட்டினது? வலது பெட்டி வயரு இடதுல இருக்கு, இடது வலதுல இருக்கு."

"அவர் போனப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம் தம்பி. திரும்ப நான்தான் மாட்டினேன். எந்தப் பக்கமா இருந்தா என்ன, நான் என்ன கச்சேரியா கேக்கறேன்?"

"சரியா மாட்டிட்டேன். போட்டுப் பாருங்க."

கேசட்டைப் போட்டேன். டொக். செருப்புச் சத்தம், இப்போது தூசி நெரிபடுவதுகூடத் தெளிவாக. ஒன்று, இரண்டு, மூன்று. சத்தம் கதவுப் பக்கம் போகவில்லை. ஜன்னல் பக்கம் வந்தது. எட்டாவது காலடியில் மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரோரம் ஒதுங்கி நின்றார். யாருக்கு இடம் விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி முனகியது. டேப்பில்தான்.

பிறகு, பழைய ஆம்ப்ளிஃபையர் முழுங்கியிருந்ததெல்லாம் வெளியே வந்தது. நான் இரைச்சல் என்று நினைத்திருந்தது இரைச்சலே இல்லை. தூரத்தில் ஓடியது என் கிரைண்டர். அவர் பேச்சு காதில் விழக்கூடாது என்று அன்று நான் ஓடவிட்டது. அதைவிடக் கிட்டத்தில், இடது பெட்டியில், ஒருத்தர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். காலிக் கூடம் என்று ஐந்து வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தட்டுமாம்மா?" என்றார் மெக்கானிக்.

"இருங்க."

முக்கால் மணி நேரமும் நின்றே கேட்டோம். கடைசியில் கிரைண்டர் நின்றது. சமையலறையிலிருந்து என் குரல், எனக்கே பிடிக்காத குரல்: "இன்னுமா கிளம்பல?" அவர் மெதுவாகச் சொன்னார், "நீ வா, சொல்லிட்டுக் கிளம்பறேன்." மறுபடியும் கிரைண்டர். டேப் தீர்ந்து பட்டன் எகிறியது.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நேரமா? இவ்வளவு நேரமா காத்திருந்தார் இந்தப் பாவிக்காக?

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டே, "வேணும்னா பழையபடி மாத்தி மாட்டிடறேன்மா. கதவுப் பக்கமே போயிடுவார்" என்றார். சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

நானும் பார்த்தேன். வலது முள் படுத்துக் கிடந்தது. இடது முள் கொஞ்சம் எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்தது. டேப் ஓடவில்லை. மெக்கானிக் சட்டென்று குனிந்து கேசட் பெட்டியின் வயரையே பிடுங்கினார். முள் அதன் நிதானத்திலேயே எழுந்து தாழ்ந்தது, தூங்காமல் உட்கார்ந்திருப்பவரின் மார்பைப்போல.

"எங்கேயாவது லீக் ஆகுதும்மா" என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. கிளம்பும்போது நாற்காலிப் பக்கமே வராமல், சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனார். அப்போதும் கேட்டார், "மாத்திடட்டுமாம்மா?"

"வேண்டாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

இப்போது தினமும் காலை வேலை முடிந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நாற்காலிக்கு எதிரே உட்காருகிறேன். கிரைண்டரைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். முள் எழுந்து தாழ்ந்துகொண்டிருக்கிறது. நான் என்ன சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். 'போயிட்டு வாங்க' என்ற இரண்டு வார்த்தைதான்.

சொன்னால் கிளம்பிவிடுவார். அதனால் இன்றைக்கும் சொல்லவில்லை.