எல்லா நேரமும் அனுமதி

...கதை படிக்க எதற்கு என் மைக்? உதடு அசைந்தால்கூட அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று மூச்சுக்குள்ளேயே படிக்கிறவள் நான், இந்த ஆப் எதைக் கேட்கப் போகிறது, பண்ணையில் ஆறாயிரம் கோழி கத்துவதையா... அனுமதிக்க வேண்டாம். இதற்கு முன்னால் இறக்கிய ஒன்று தொடர்புகளைக் கேட்டது. இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உனக்கு யாரையெல்லாம் தெரியும் சொல் என்றால் அது என்ன இலவசம்? என் போனில் இருப்பதே பதினொரு பேர், ஒருவர் தீவன வண்டிக்காரர், ஒருவர் கோழி டாக்டர், நான் படிக்கும் கதைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? மறுத்ததும் திறக்கவே மாட்டேன் என்றது, அழித்தேன். அடுத்தது இருப்பிடம் கேட்டது, அதையும் அழித்தேன். கதையில் நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதாதா, எந்த ஊரில் இருக்கிறேன் என்று எதற்கு? ராசிபுரம் நூலகத்தில் சாரதாமணி அக்கா இப்படி ஒரு கேள்வி கேட்டதுண்டா? புத்தகத்தைப் பதிந்து தள்ளிவிடுவார், அவ்வளவுதான். சனிக்கிழமை தையல் வகுப்பு முடிந்ததும் அங்கே போய்விடுவேன், யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்... போன மாதம் அம்மா முட்டை அடுக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள், "இனித் தையல் முடிஞ்சா நேரா ஊடு வந்து சேரு சாமி. அண்ணன் சொல்லீட்டான்." பள்ளிக்கூடம் நின்றதும் அப்படித்தான், அம்மாவுக்கு ஆபரேஷன், பண்ணைக்கு ஆள் இல்லை, அண்ணன் சொல்லிவிட்டான். நூலகம் போவதை அண்ணனிடம் யார் சொன்னது? தையலுக்கு என்னோடு வரும் சத்யபிரியாதான், வேறு யார்? அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள், நான் சொல்லலடி என்றாள், நான் பேச்சையே நிறுத்திவிட்டேன்.

இது பரவாயில்லை, மைக் இல்லாமலே திறந்துகொண்டது, கோப்புகளை மட்டும் கேட்டது. அது நியாயம், புத்தகம் அங்கேதானே இருக்கிறது. அனுமதித்தேன். ஒரு நாவலின் முதல் வரி வந்தும்விட்டது, ஆனால் இருப்பிடம் கேட்டதால் அழித்த அந்த ஆப் உண்மையிலேயே போய்த் தொலைந்ததா என்ற சந்தேகம் விடவில்லை, போனின் அமைப்புகளுக்குள் போய் இருப்பிடம் என்பதைத் தொட்டேன். அது போயிருந்தது. ஆனால் மேலே, எல்லா நேரமும் அனுமதி என்ற தலைப்புக்குக் கீழே, வட்டத்துக்குள் வீடு வரைந்த ஒரு ஆப், நான் இறக்கவே இல்லை, யார்... பொங்கலுக்கு அண்ணன் இந்தப் போனைக் கையில் கொடுத்து, "எல்லாம் போட்டுக் குடுத்திருக்கேன் சாமி, நீ ஒண்ணும் நோண்டாதே" என்றானே. திறந்தேன். நம் பண்ணைமேல் ஒரு நீலப் புள்ளி, அதில் என் பெயர். கீழே சனிக்கிழமைகள். ராசிபுரம், நாலு பத்திலிருந்து ஐந்து இருபத்தைந்து வரை. ஐயோ, சத்யபிரியா.

அண்ணன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான், அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதே அண்ணன்தான் போன முறை வந்தபோது சோற்றில் கை வைக்காமல் புலம்பினான், "வண்டில ஜிபிஎஸ் வெச்சுட்டாரும்மா முதலாளி. டீக் குடிக்க நின்னா உடனே போனு, வண்டி ஏன் நிக்குதுங்கறாரு. மனுசன நம்பாத இதெல்லாம் ஒரு பொழப்பா?" நானும்தான் அவனுக்காக வருத்தப்பட்டேன், ரசம் ஊற்றினேன். அப்போதும் இந்தப் புள்ளி அவன் சட்டைப்பைப் போனில்தான் இருந்தது.

அதில் நூலகம் என்று ஓரிடத்திலும் போடவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவின் பெயர்தான் இருக்கிறது. அப்படியானால் அண்ணனுக்குப் புத்தகம் தெரியவே தெரியாது. ஒரு தெருவில் தங்கச்சி வாராவாரம் ஒன்றேகால் மணி நேரம் நிற்கிறாள், அவ்வளவுதான் தெரியும்... சீ, என்ன நினைத்திருப்பான்? அம்மா என்ன நினைத்துக்கொண்டு முட்டை அடுக்கினாள்? அனுமதிக்க வேண்டாம் என்பது இங்கேயும் இருக்கிறது. முன்பின் தெரியாத மூன்று ஆப்புக்கும் யோசிக்காமல் அழுத்திய விரல் இதில் நிற்கிறது. அழுத்தினால் புள்ளி மறையும், மறைந்தால் அண்ணன் நினைத்தது உறுதியாகிவிடும். அழுத்தாவிட்டால் நான் இங்கேயே இருக்கிறேன், நீலமாக, நல்ல பெண்ணாக. அந்த ஆப்புகளாவது கேட்டன. அங்கே என்ன செய்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை... கேட்டிருந்தால் மட்டும் வாயைத் திறந்து சொல்லியிருப்பேனா?