சிவப்பு அம்பு

"இது யார் போட்ட கையெழுத்து?"

துவைக்கப் போட்ட கணவரின் சட்டைப் பையில் அகப்பட்ட தாளை விரித்து, அவள் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். கணவர் தாளைப் பார்த்தார். பிறகு தன் அக்காவைப் பார்த்தார். எதற்கும் அக்காவின் முகத்தைப் பார்ப்பது அவருக்கு ஐம்பது வயதிலும் மாறாத பழக்கம்.

அது ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு தாளின் நகல். தலைப்பு: மார்பகப் புற்றுநோய், புதிய மருந்து ஆய்வு. கீழே, "நோயாளிக்கு இதில் சேர விருப்பமில்லை" என்று ஒரு வரி. நோயாளி என்ற இடத்தில் அவள் பெயர். பக்கத்தில் அவள் கையெழுத்து. ஆனால் அதை அவள் போடவில்லை.

அவள் சட்டைக் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, பிசகு உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். சரியாக இருந்தால் பதினேழு என்று தன் எண் போட்ட சீட்டைச் செருகுவாள். பதினேழு போட்டுப் போன சட்டையில் ஒரு பொத்தான் கழன்றாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அங்கே ஒருத்தி சீட்டை இன்னொருத்தி தொடமாட்டாள். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை. வீட்டில் நடந்துவிட்டது.

"மார்புல இருந்தது கொழுப்புக் கட்டின்னுதானே சொன்னீங்க?"

"அதான் எடுத்தாச்சே," என்றாள் நாத்தனார். "இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

"கேன்சர்னு போட்டிருக்கு அண்ணி."

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போவுது."

அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். "உனக்கும் தெரியுமா?" என்று கேட்டதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆக, டாக்டருக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியும், பெற்ற மகளுக்கும் தெரியும். நோய் யார் உடம்பில் இருக்கிறதோ அவளுக்கு மட்டும் தெரியாது. இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல. கையெழுத்தையும் நானே போட்டேன்," என்றார் கணவர். "சோதனைன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? எலிக்குப் போட்டுப் பாத்துட்டு அடுத்தது மனுஷனுக்குப் போடுவாங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் படுக்கணும். முடியெல்லாம் கொட்டிடும். கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

எலியில் புறப்பட்டவர் கல்யாணத்தில் வந்து நின்றார். மகளுக்கு இடம் தகைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள்.

"அப்ப வைத்தியம்?"

"கல்யாணம் முடியட்டும், ரெண்டு மாசம் பொறுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"தள்ளிப்போடக் கூடாதுன்னாரு. வீட்ல கலந்து பேசிட்டு வர்றேன்னு வந்துட்டேன்."

"வீட்ல யார்கூடப் பேசுனீங்க?"



மறுநாள் வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆய்வுப் பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அங்கிருந்த நர்ஸ் அவளுடைய தாளை வாங்கி, ஆபரேஷன் அன்று அவள் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"எலிக்குப் போடுற மாதிரின்னு சொல்றாங்களே, நிஜமா?"

"இல்லக்கா. வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. பாதிப் பேருக்கு அதோட புது மருந்தையும் சேத்துக் குடுப்போம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும், நாங்க இல்ல. குணமாயிடும்னு நான் சொல்லமாட்டேன். புது மருந்துல பலன் இருக்கா, கெடுதல் இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வே. பிடிக்கலைன்னா எப்ப வேணாலும் விலகிக்கலாம், அதுக்காக வைத்தியத்தை நிறுத்தமாட்டாங்க. பரம்பரையா வர்ற வகையான்னு ரத்தத்துல ஒரு டெஸ்ட்டும் எடுப்போம், காசு கிடையாது. பொண்ணு இருந்தா அவங்களுக்கும் உபயோகமா இருக்கும்."

விளக்கப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பதினாலு பக்கத்தையும் படித்தாள். தையல் பார்க்கிற மாதிரி வரிக்கு வரி விரலை ஓட்டினாள். ஐந்து இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாள். இத்தனை நாளில் இந்த நோயைப் பற்றி அவளிடம் ஒருவர் உட்கார்ந்து பேசியது இதுதான் முதல் தடவை.

"சரி. என்னைச் சேத்துக்குங்க."

நர்ஸ் பேனாவைத் தொடவில்லை. "புதன்கிழமையோட ஆள் எடுக்கிறதை முடிச்சுட்டாங்கக்கா. நீங்க வேண்டாம்னு எழுதினதா வந்ததால, உங்க இடம் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு." இரண்டு கையெழுத்தையும் மறுபடி பார்த்துவிட்டு, "உங்களை நேர்ல பாக்காம நான் அதை வாங்கியிருக்கக் கூடாது. தப்பு என் மேலயும் இருக்கு, மேல எழுதிக் குடுக்கப்போறேன்," என்றாள்.

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் அதிகம்.

வழக்கமான வைத்தியத்தைத் திங்கட்கிழமையே தொடங்கலாம் என்றாள் நர்ஸ். இதே நோய் கண்ட பெண்கள் வியாழக்கிழமைதோறும் கீழ்த்தளத்தில் கூடிப் பேசுவதையும் சொல்லி, ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை வைத்தியத்துக்கான சம்மதத் தாளை அவள் முழுக்கப் படித்து, தன் கையால் கையெழுத்துப் போட்டாள். துணைக்கு வருபவர் என்ற இடத்தில், கம்பெனியில் அவளுக்குப் பக்கத்தில் பொத்தான் தைக்கிற சிநேகிதியின் பெயரை எழுதினாள்.

சனிக்கிழமை காலையில் மகளைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவங்ககிட்ட நான் சொல்லத்தான் போறேன். உன் கல்யாணம் நின்னாலும் நிக்கலாம்," என்றாள்.

மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சொல்லிடும்மா. நாளைக்கு எனக்கே வந்தாலும் அந்த வீட்லயும் என்கிட்ட மறைக்கத்தானே போறாங்க."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் காலையிலேயே ஏற்பாடு சொல்லிவிட்டாள்: "நீ உள்ள படுத்துக்க. தலைவலின்னு நான் சமாளிச்சுக்கிறேன்." அவள் படுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அந்தத் தாளை நடு மேசையில் வைத்தாள். பொய்க் கையெழுத்தின்மேல் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"இது என்ன பேப்பர் சம்பந்தி?"

"எனக்குக் கேன்சர்ங்க. ஆபரேஷன் ஆயிடுச்சு, நாளையிலருந்து மருந்து ஏத்தப்போறாங்க. ஒரு புது மருந்து ஆய்வுல எனக்கு இடம் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு, என் கையெழுத்தை இவரே போட்டு வேண்டாம்னு குடுத்துட்டாரு."

அந்த அம்மாள் தாளைக் கையில் எடுத்துப் படித்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை. மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இது பரம்பரையா வருமா?"

"தெரியலைங்க. அதைப் பாத்துச் சொல்லவும் அந்த ஆய்வுலதான் ஒரு டெஸ்ட் இருந்துச்சு. உங்களுக்காகத்தான் அதையும் வேண்டாம்னு எழுதிட்டாங்க."

கணவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.