படலையில் கட்டிய படம்

செத்துக் கிடந்த அண்ணாவின் முகத்தில் ஈ இருக்கவிடாமல் விசிறியை ஆட்டிக்கொண்டிருந்த கௌசலாவின் தோளை வினோஜா வந்து தொட்டாள்.

"அம்மா, வாசல் படலையில பெரிய படம் ஒண்டு கட்டுகினம். அதில இருக்கிறது நீங்களோ?"

விசிறி நின்றது.

"என்ன படம்?"

"உங்களை மாதிரி ஒரு ஆள். மடியில ஒரு சின்னப் பெடியன்."

கௌசலா விசிறியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். பந்தலில் இருந்தவர்கள் கதிரைகளை நகர்த்தி வழிவிட்டார்கள். அழுகையை அடக்க முடியாமல் வெளியே போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

படலையை விட உயரமாக இருந்தது பனர். மேலே, கழுத்தில் கமராவோடு அண்ணா ஜெயந்தன் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே, பாதிக்கு மேல், அந்தப் படம். கடைசிச் சண்டை நேரத்து மாத்தளன் மணலில் கௌசலா இருக்கிறாள். மடியில் ஷெல் பட்ட மகன், ஆறு வயதுக் கீர்த்திகன். அவள் வாய் அகலத் திறந்திருக்கிறது.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதை ஒப்பாரி என்றே எழுதினார்கள். அவளுக்குத்தான் தெரியும். அவள் அப்போது அழவில்லை. பிள்ளைக்கு இன்னும் மூச்சு இருந்தது. "அண்ணா, ஓடி வாங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லின் நடுவில்தான் அவர் கமராவை அமத்தியிருந்தார். பிறகுதான் ஓடி வந்தார். பின்னேரம் வெறுங்கையால் குழி கிண்டியவரும் அவர்தான்.

கலியாண வீட்டுப் படம் எடுக்கத் தொடங்கிப் பேப்பருக்குப் போனவர் ஜெயந்தன். சண்டை முடிந்த பிறகும் மோட்டார் சைக்கிளில் வன்னி முழுக்க அலைந்தார். கண்டாவளை வெள்ளம், கோயில் தேர், பாலத் திறப்பு விழா. "பாதி ஆயுசும் ரிபன் வெட்டுற கையைத்தான் எடுத்தனான்" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய பெயரை ஊர் தாண்டிக் கொண்டுபோனது இந்த ஒரு படம். வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு மே மாதமும் பேப்பர் அதை முன்பக்கத்தில் போட்டது.

வினோஜா எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய வருசம் கௌசலா பேப்பரும் கையுமாக இந்த வீட்டுக்கு வந்தாள்.

"இனி இதைப் போட விடாதேங்கோ அண்ணா. தமையன் காய்ச்சலில செத்தவன் எண்டுதான் பிள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கிறன்."

ஜெயந்தன் பேப்பரை வாங்கி மடித்தார். பிறகு அவள் தலையில் கை வைத்தார்.

"அம்மாவாணை, இனி ஒருத்தரும் காணமாட்டினம்."

அன்றிலிருந்து படம் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து கேட்டபோதும் தொலைந்துவிட்டது என்றார். மாத்தளனில் ஓடி வராமல் அவர் படமெடுத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் கௌசலா மன்னித்திருந்தாள். வருத்தம் முற்றி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி பருக்கியதும், உடம்பு துடைத்துவிட்டதும் அவள்தான்.

பேப்பர் ஆசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படலையடியில் நின்றார். கௌசலா அவரிடம் போனாள்.

"சேர், இதைக் கழட்டச் சொல்லுங்கோ. அண்ணா இதைப் போடக் கூடாதெண்டு சொன்னவரெல்லே."

ஆசிரியர் அவளையும் பனரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஆள் யாரென்று பிடிபட்டது.

"தங்கச்சி, படத்தைத் தந்ததே அவர்தான். போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனனான். கையைப் பிடிச்சுக்கொண்டு, என்ர செத்தவீட்டுக்கு இந்தப் படத்தைத்தான் பெரிசாப் போடவேணும் எண்டவர். நாளைக்குப் பேப்பரிலயும் வருது. உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்."

போன கிழமை. அப்போது அவள் கஞ்சிப் போத்தல் கழுவக் குழாயடிக்குப் போயிருப்பாள்.

அவள் திரும்பினாள். அண்ணாவின் மனைவி, மச்சாள் சுதாஜினி பின்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமோ மச்சாள்?"

சுதாஜினி மூக்கைத் துடைத்தாள். "சாகப்போற மனிசன் கேட்டது. நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது? இது இல்லாட்டி என்னை ஆர் நினைப்பினம் எண்டு அழுதவர். உன்னட்டைச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவர்."

"அவருக்குத் தெரியும்" என்றாள் கௌசலா.

"என்ன?"

"நான் என்ன சொல்லுவன் எண்டு."

உள்ளே பறை உரத்தது. "தங்கச்சிக்காரி எங்கை? வாய்க்கரிசி போட வரச்சொல்லுங்கோ" என்று கூப்பிட்டார்கள். யாரோ அரிசித் தட்டத்தைப் படலைவரை கொண்டுவந்து நீட்டினார்கள்.

"எனக்குக் கை ஏலாது. நீங்கள் போடுங்கோ."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே அண்ணன் என்று எவளோ முணுமுணுத்தாள். கௌசலா அசையவில்லை. அவளுடைய கணவரும் தோள் கொடுக்க, பாடை அவளைக் கடந்து போனது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசிரியரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சனத்தோடு நடந்தார்.

பறைச் சத்தம் பரந்தன் சந்திப் பக்கம் தேய்ந்தது. பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் அள்ளப் போனார்கள். கௌசலா பந்தலிலிருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து ஏறினாள். கயிற்று முடிச்சுகள் இறுகியிருந்தன. வினோஜா கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ர அண்ணாவுக்குக் காய்ச்சல் இல்லையோ அம்மா?"

கௌசலா ஒரு முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள்.

"இல்லை."

பனர் சரிந்து விழுந்தது. கீழே இறங்கி இரண்டு மூலைகளைத் தான் பிடித்தாள். மற்ற இரண்டையும் மகள் கேட்காமலே எடுத்தாள். கழுவிய படுக்கை விரிப்பை மடிப்பதுபோல இருவரும் அதை உதறி, முகங்கள் உள்ளே போக மடித்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் வினோஜா ஓரடி கிட்ட வந்தாள்.