ஜட்ஜ் வீட்டுக் கருத்து

சக்கர நாற்காலியைப் பல் டாக்டரின் கிளினிக் படிகளில் ஏற்றுவது எப்படி என்பதில் இசைத்தட்டு ரசிகர் சங்கத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எல்லா விஷயத்திலும் உண்டு, அதற்காகத்தான் சங்கமே. முன்பக்கமாகத் தூக்கலாம் என்றார் பல் டாக்டர். பின்பக்கமாக இழுக்க வேண்டும் என்றார் லிஃப்ட் மெக்கானிக், வாழ்நாள் முழுக்க ஜனங்களை மேலே ஏற்றி இறக்கிய உரிமையில். மூன்றாமவரான ஸ்டீரியோ, ரெண்டும் சரிதான், ரெண்டும் சரிதான் என்றார். எதையும் இரண்டு தடவை சொல்வதால் அவருக்கு அந்தப் பெயர். சங்கத்தில் ஓடும் தட்டுகள் எல்லாம் ஒற்றை ஒலி மோனோ, ஆள் மட்டும் ஸ்டீரியோ. நாற்காலியில் இருந்தவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றாள்.

அவளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவள் கணவர். சங்கத்தில் அவர் பெயர் ஜட்ஜ். உத்தியோகம் மின்சார மீட்டர் பார்ப்பது. வீடு வீடாகப் போய், மாடிப்படிக்கு அடியில் ஒட்டடைக்குள் தலையை நுழைத்து எண்களைக் குறித்துக்கொண்டு வருகிறவரை நாய்கள்கூட ஒரு பொருட்டாக நினைத்துக் குரைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் ஜட்ஜ்.

ராக் அண்ட் ரோல் பிறந்து தவழ்ந்த முதல் சில வருஷங்களில் வந்த இசைத்தட்டுகளைத் தவிர உலகத்தில் வேறு இசை கிடையாது என்பது சங்கத்தின் கொள்கை. அதற்குப் பிறகு வந்தவர்கள் முடியை மட்டும்தான் வளர்த்தார்கள் என்பார் பல் டாக்டர், தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது என்பதால், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் சங்கம் கூடும். ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட அந்தப் பாட்டுகளை, எக்ஸ்ரே முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நான்கு பேரும் அசையாமல் உட்கார்ந்து கேட்பார்கள். யாராவது காலால் தாளம் போட்டால் மற்றவர்கள் அந்தக் காலைப் பார்ப்பார்கள். கால் நின்றுவிடும்.

புதிதாக ஒரு தட்டு அகப்பட்டால் அது முதலில் ஜட்ஜ் வீட்டுக்குப் போகும். ஒரு வாரம் அங்கே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் கேட்டு ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள், அடித்துக்கொள்வார்கள். கடைசியாக ஜட்ஜ் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. தட்டைத் திருப்பிப் போட வேண்டியதுதான்.

இதில் ஒரே ஒரு சிக்கல், ஜட்ஜுக்குச் சொந்தமாக ஒரு கருத்தும் கிடையாது. அவருக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும். ரசிகனுக்கு வரக் கூடாத வியாதி அது. கருத்தெல்லாம் அவர் மனைவியுடையது. அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள். கண்ணாடியில் கையளவு ஓட்டை, அதன் வழியே ஒரு குரலும் நோட்டைப் பிடித்த சில விரல்களும். அதை வைத்தே யார் வீட்டை விட்டு ஓடுகிறார்கள், யார் வேறு போக்கிடம் இல்லாமல் திரும்புகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். இந்தப் பாட்டுகள் அவளுக்குப் பிடிக்காது. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே எரிச்சலில் எதையாவது சொல்லிவைப்பாள்.

"பியானோ வாசிக்கிறவனை வீட்டுல யாரோ திட்டி அனுப்பியிருக்காங்க. அவங்களைத்தான் அடிக்கிறான்."

"இவன் எங்க பாடறான்? பஸ் கிளம்பினப்புறம் ஓடிக்கிட்டே டிக்கெட் கேக்கறான்."

காதல் தோற்றுப் பாடும் ஒருவனைப் பற்றி ஒரு தடவை, "அழறது நிஜம்தான். ஆனா கண்ணாடி முன்னாடி நின்னு அழறான்" என்றாள். அதை ஜட்ஜ் அப்படியே கொண்டுபோய் சங்கத்தில் வைத்தபோது பல் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து ஜட்ஜ் சொன்னார். "பேரு உங்களுக்கு, தொண்டைத் தண்ணி எனக்கா?" என்று கேட்டுத் தலையணை உறையை உதறினாள். ஆனால் அடுத்த வாரம் தட்டைப் போட்டபோது, மடிக்கத் துணியே இல்லாமல் வந்து உட்கார்ந்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பாதி மடித்த துண்டோடு அவள் கட்டிலில் சாய்ந்தாள். வலது பக்கம் படுத்துவிட்டது. பேச்சு போயிற்று. போகிற போக்கில் ஒரு வார்த்தையை மட்டும் வைத்துவிட்டுப் போயிற்று. பசிக்கிறதா என்றால் அவ்வளவுதான். வலிக்கிறதா என்றால் அவ்வளவுதான். தங்கைக்காரி வந்து மடியில் முகம் புதைத்து அழுதபோது, இடது கையால் அவள் தலையைத் தடவி, ரொம்பக் கனிவாக, அவ்வளவுதான். கவுண்டரில் கடைசி டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கும்போது அவள் சொல்கிற வார்த்தை அது. தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்ததால் எங்கோ ஆழமாகப் பதிந்து தப்பித்துவிட்டது போலும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். "பழகின பாட்டா போட்டு விடுங்க சார். சில பேருக்குப் பாட்டு வழியா வார்த்தை திரும்பி வரும்" என்றாள். ஜட்ஜ் வீட்டில் இருந்த தட்டு எல்லாவற்றையும் போட்டார். வேலைக்குக் கிளம்புமுன் ஒன்று, வந்து சட்டையைக் கழற்றாமல் ஒன்று. போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார், மீட்டர் சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்கிற அதே பார்வை. முன்பு அவள் திட்டியவனை, கேலி செய்தவனை எல்லாம் வரிசையாக அழைத்து வந்து அவள் முன்னால் பாடவைத்தார். ஒருவனாலும் அவள் வாயைக் கிளற முடியவில்லை. கடைசியில் அந்தப் பெண் தன் பட அட்டைகளை ரப்பர் பேண்டுக்குள் போட்டுக்கொண்டே, "இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க சார்" என்றாள். ஜட்ஜ் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு கருத்து. நல்ல பாட்டு, மட்டமான பாட்டு என்றுகூட வேண்டாம். உள்ளே எங்கேயோ உட்கார்ந்து அவள் இன்னும் எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

பல வாரங்களாக ஜட்ஜ் சங்கத்துக்குப் போகவில்லை. அப்போதுதான் ஸ்டீரியோ, பழைய மரச்சாமான் கடையில் ஓர் அலமாரி இழுப்பறையில் ஒரு தட்டைக் கண்டெடுத்தார். லேபிள் கிழிந்திருந்தது. யார் பாடியது, எந்தக் கம்பெனி, ஒன்றும் தெரியாது. சங்க வழக்கப்படி லிஃப்ட் மெக்கானிக் அதைச் செய்தித்தாளில் சுற்றி ஜட்ஜ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். "நீங்க சொன்னாத்தான் அண்ணே இதுக்குப் பேரே வைக்க முடியும்." வாரம் முழுக்க ஜட்ஜ் அதைப் போட்டார். வாரம் முழுக்க அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கூடமாட இருக்கும் மச்சினிக்கு வேறு வேலை வந்துவிட்டது. அதனால் தட்டை மனைவியின் மடியில் வைத்து, இருவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு வழியாக நாற்காலி உள்ளே வந்து, சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்குக் கீழே நிறுத்தப்பட்டது. டாக்டர் தட்டைப் போட்டார்.

கரகரப்பு, பிறகு கித்தார், பிறகு யாரென்றே தெரியாத ஒருவன். அவசரமாகவும் சந்தோஷமாகவும் பாடினான், வாடகைக்கு எடுத்த கோட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் ஊரைச் சுற்றுகிறவன் போல. நடுவில் ஓர் இடத்தில் ட்ரம்ஸ் அடிப்பவனுக்குக் கை நழுவியது. ஒரு அடி விழவேண்டிய இடம் வெறுமையாகப் போயிற்று. பாடுகிறவன் சிரித்துவிட்டான். சிரித்தபடியே பாடி முடித்தான்.

"கித்தார் பிரமாதம். ஆனா பாடறவனுக்கு முன்பல் இடைவெளி. காத்து வர்றது தெரியுது பாருங்க" என்றார் பல் டாக்டர்.

"உங்களுக்கு எவன் பாடினாலும் வாய்க்குள்ளதான் போகும்" என்றார் மெக்கானிக். "ட்ரம்ஸ்தான் கோளாறு. நடுவுல ஒரு மாடி தவறவிட்டுட்டு அடுத்த மாடில நிக்கிது."

"புதையல்" என்றார் ஸ்டீரியோ. "புதையல்."

மூன்று பேரும் ஜட்ஜைப் பார்த்தார்கள். பாட்டு முடிந்து ஊசி வெற்றுப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜட்ஜ் தன் காலணியைப் பார்த்தார். பிறகு, "இவகிட்ட கேளுங்க" என்றார்.

"அண்ணிகிட்டயா?"

"ஆமா."

டாக்டர் நாற்காலியருகே குனிந்து, வாய் மரத்துப்போன நோயாளிகளிடம் பேசும் குரலில், "என்னம்மா, பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று சத்தமாகக் கேட்டார்.

"அவ்வளவுதான்."

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது சிரிப்பது மாதிரி. "கரெக்ட், கரெக்ட்" என்றார் ஸ்டீரியோ.

"இவ சொன்னதுதான் எல்லாமே. நான் இங்க வந்து சொன்னது ஒண்ணுகூட என்னோடது இல்ல" என்றார் ஜட்ஜ்.

மெக்கானிக்தான் முதலில் தலையாட்டினார். "அது தெரியாதா அண்ணே? அண்ணி இல்லாம நீங்க ஏது? என் வீட்டுலயும் அவ போடற சோத்துலதான் எனக்கு மூளையே ஓடுது."

"அந்த அர்த்தத்துல சொல்லலப்பா. பியானோக்காரனை வீட்டுல திட்டி அனுப்பியிருக்காங்கன்னு சொன்னேனே..."

"மறக்க முடியுமா அதை" என்றார் டாக்டர். ஜட்ஜைத் தேற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதாக அவருக்குப் புரிந்தது. "அம்மா, உங்களுக்குத் தெரியுமா, உங்க வீட்டுக்காரர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு? ஒருத்தன் பாடறதைக் கேட்டுட்டு, பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடறான்னு சொன்னாரு."

"டிக்கெட் கேட்டுக்கிட்டே" என்றார் ஜட்ஜ்.

"ஆங், அதேதான்."

அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒன்றாக எடுத்து, அவள் சொன்னதை அவளிடமே சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் 'அண்ணன் சொன்னாரு'. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நசுங்கியிருந்தன. டிக்கெட் உதிர்ந்திருந்தது. பியானோக்காரனைத் திட்டியவர்கள் மாமியார் ஆகியிருந்தார்கள். ஜட்ஜ் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தின் அசையும் பாதி ஒவ்வொருவர் பேசும்போதும் அந்தப் பக்கம் திரும்பியது, கவுண்டர் ஓட்டைக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பது போல.

"எல்லாத்துக்கும் மேல அந்த அழறவன்" என்றார் மெக்கானிக். "அழறது நிஜம்தான், ஆனா ஜன்னல் முன்னாடி நின்னு அழறான். அடடா."

"அவ்வளவுதான்" என்றாள் அவள். வழக்கத்தைவிட வேகமாக வந்தது. ஜட்ஜுக்கு முதுகு நிமிர்ந்தது.

"ஜன்னல் இல்ல. கண்ணாடி" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான அண்ணே."

"ஒண்ணு இல்லப்பா."

"சரி, கண்ணாடி. ஜன்னல்லயும் கண்ணாடிதான இருக்கு."

ஜட்ஜ் மனைவி பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், "கண்ணாடிதான? ஜன்னல்னு சொன்னதுக்குத்தான கோபம்?" என்று கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது. அவர் துடைத்தார். "அவ்வளவுதான்" என்றாள், இந்தத் தடவை எப்போதும் போல.

டாக்டர் ஜட்ஜின் தோளில் கை வைத்தார். "கருத்து எங்க போயிடப்போகுது அண்ணே? மெதுவாச் சொல்லுங்க." பிறகு, சங்கத்தின் சரித்திரத்திலேயே முதல் முறையாக, ஜட்ஜின் வாக்கியம் வராமலே டாக்டர் தட்டைத் திருப்பிப் போட்டார். பின்பக்கப் பாட்டை எல்லோரும் அசையாமல் கேட்டார்கள்.

கிளம்பும்போது ஸ்டீரியோ தட்டைச் செய்தித்தாளில் சுற்றி அவள் மடியில் வைத்தார். "இன்னும் ஒரு வாரம் வெச்சுக்குங்க. இன்னும் ஒரு வாரம்." அவருடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்து ஜட்ஜ் நன்றி சொல்ல நினைத்தார், அதற்குள் நாற்காலியை இறக்குவது எப்படி என்ற விவாதம் தொடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து ஜட்ஜ் கட்டிலில் போட்டார். ஒரு துண்டை அவள் மடியில் விரித்தார். இடது கை தானாக அதன் ஓரத்தைப் பிடித்தது. பிடித்ததோடு சரி. அவர் தட்டைப் போட்டுவிட்டு எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார்.

கித்தார் வந்தது. பாடுகிறவன் வந்தான். ட்ரம்ஸ்காரனின் கை நழுவிய அந்த இடத்தில், துண்டின் மேல் இருந்த அவளுடைய ஆள்காட்டி விரல் மேலே எழும்பியது.

ஜட்ஜ் முன்னால் குனிந்தார். அவன் சிரித்துக்கொண்டே பாடி முடிக்கும்வரை காத்திருந்து, ஊசியைத் தூக்கி மறுபடி விளிம்பில் வைத்தார். விரல் மறுபடி எழும்பியது. ஆனால் அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே. முன்கூட்டியே தெரிந்து எழுப்பினாளா? தெரியாமலே எழுந்ததா? விரல்கள் சும்மா துடிக்கும் சார், அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க என்று பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். மூன்றாவது தடவை விரல் எழும்பவே இல்லை. நழுவிய அடி தன்பாட்டுக்கு நழுவிப் போயிற்று, அவன் தன்பாட்டுக்குச் சிரித்தான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார், தாளம் தப்பி.

"கேட்டியா? அந்த இடந்தான?" என்றார் ஜட்ஜ்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஊசியை விளிம்பில் வைத்துவிட்டு, முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய கரகரப்பு, தூரத்தில் எங்கோ மழை பிடித்துக்கொண்டது போல அறையில் பரவியது. துண்டின் ஓரத்தில், மடிப்பு விழ வேண்டிய இடத்தில், அவள் விரல் அசையாமல் இருந்தது.