பிரசங்கத்தின் நடுவில் அணைந்த திரை

நார்வேயின் கடலோரத்து ஊர் ஒன்றில், தேவாலயத்தில் பாட்டு வரிகளைக் காட்டும் திரைக்கு நிரல் எழுதிக் கொடுத்தவள் ராக்ன்ஹில்ட். கால் மணி நேரம் யாரும் கணினியைத் தொடாவிட்டால், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று திரை தானே அணையும்படி வைத்திருந்தாள்.

முதல் ஞாயிறன்று பாஸ்டர் ஒய்ஸ்டைன் பிரசங்கத்தின் நடுவில் இருந்தபோது, அவருக்குப் பின்னால் திரை பொசுக்கென்று இருண்டது. திரும்பிப் பார்த்தவர் சற்றுத் திகைத்தார். பிறகு "ஆமென்" என்று முடித்துவிட்டார். சபையில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

ராக்ன்ஹில்டுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆராதனை முடிந்து காப்பியும் வாஃபிளும் பரிமாறும்போது அவரிடம் போனாள்.

"மன்னிச்சிருங்க பாஸ்டர். அந்த நேரத்தைப் பூஜ்யம்னு போட்டுட்டா திரை அணையவே அணையாது. இப்பவே மாத்திடறேன்."

"என்ன அவசரம், மெதுவா மாத்தலாமே" என்று இழுத்தார், பக்கத்தில் நின்ற ஆர்கன்காரர் தூர்பியோர்ன்.

பாஸ்டர் சிரித்துவிட்டார். "இவன் கிடக்கறான். ஆனா நீ அதுல கை வைக்காதேம்மா. எப்படி முடிக்கிறதுன்னு தெரியாமத்தான் நானும் இத்தனை வருஷமா பேசிக்கிட்டே இருந்தேன்."

ராக்ன்ஹில்ட் நிம்மதியாக இன்னொரு வாஃபிளை எடுத்துக்கொண்டாள்.