ரப்பர்தானே

வாசலிலிருந்தே கதறிக்கொண்டு ஓடிவர வேண்டும். அண்ணன் செத்த வீட்டுக்குத் தம்பி வரும் முறை அது. உலார் கார் கதவைச் சாத்திவிட்டு ஓடினான். வாய் திறந்தது, சத்தம்தான் வரவில்லை.

முற்றத்தில் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே, இடுப்பில் துணி கட்டி, கோலில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த ஆண்கள் அவனைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா ஜுமாலி மட்டும் பக்கத்தில் வந்தார்.

"பெல்ட்டக் கழட்டுடா."

சட்டையை மாற்றியவன் போலீஸ் பெல்ட்டை மறந்திருந்தான். கழற்றினான். பெரியப்பா ஒரு துணியை அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"போன வருஷமும் இதே பாலத்துல இதே சுரங்க லாரிகளத்தான் மறிச்சோம். நம்ம ஸ்டேஷன் பெரியவரு தொப்பியக் கழட்டி வச்சுட்டு எங்ககூட உக்காந்து டீ குடிச்சாரு. ரெண்டு நாள் பேசினாரு. லாரி நின்னுச்சு, அவ்வளவுதான். யாரு செத்தா?"

இந்தத் தடவை நகரத்துப் போலீஸ் படை வந்தது. அதற்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுத்த ஆயுதக் கிடங்குக்காரனே உலார்தான். கொடுத்த கையோடு அண்ணன் எசெனுக்குப் போன் செய்தான்.

"அண்ணே, வீட்டுக்குப் போயிரு. சுடப்போறாங்க."

"சுட்டா?"

"ரப்பர்தான். குண்டு பட்டா வலிக்கும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

"அவ்வளவுதானா? பயங்காட்டிட்டியேடா!" எசென் சிரித்தார். "அப்ப நான் முன்னால நிக்கிறேன். கெழவனுங்க பின்னால இருக்கட்டும்."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னான். பொய் சொல்லவில்லை. நிஜத் தோட்டா என்று பொய்யாகவே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கூடாரத்துக்குள்ளிருந்து அண்ணி புருலின் குரல் எழுந்தது.

"ரப்பருதான்னு சொன்னானே உன் ரத்தத்துத் தம்பி,
நெஞ்சத் தெறந்து நின்னியே நீ அவன் சொல்ல நம்பி..."

ஒப்பாரியை யாரும் மறிக்கக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அண்ணி துரத்திவிடுவாள் என்று வழியெல்லாம் பயந்து வந்தவன், இப்போது துரத்தினால் தேவலை என்று நினைத்தான்.

பாட்டு நின்றது.

"மாமா, குளிப்பாட்ட எத்தன பேரு?"

"நாலு பேரும்மா. இன்னொருத்தர் வேணும்," என்றார் பெரியப்பா.

"அவரு தம்பி வரட்டும்."

"அவன் வேணாம்மா, அவன்..."

"வரட்டும் மாமா. தொட்டுப் பாக்கட்டும்."

பெண்கள் வெளியேறினார்கள். புருல் அவனைக் கடந்து போனாள், முகத்தைப் பார்க்கவில்லை.

கூடாரத்துக்குள் எசெனின் தலைமாட்டில் பெரியப்பா நின்றார். மற்ற மூவரும் கையில் துணி சுற்றிக்கொண்டார்கள். உலாரிடம் மூக்கு வைத்த கூஜாவைக் கொடுத்தார்கள். தலை, தோள், வலது பக்கம் என்று ஊற்றிக்கொண்டே வந்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

இடது மார்பில் கருநீலமாக ஒரு வட்டம். தேநீர்க் கிண்ணத்தின் அடியளவுதான் இருக்கும். தோல்கூடக் கிழியவில்லை.

"ஊத்துடா," என்றார் பெரியப்பா.

உலார் கூஜாவைத் தாழ்த்தினான். இன்னொரு கையை அந்த வட்டத்துக்கு மேலே குழித்துப் பிடித்து, தண்ணீரை முதலில் தன் உள்ளங்கையில் விழவிட்டு, விரலிடுக்கு வழியாக மெதுவாக, மிக மெதுவாக இறக்கினான்.