படத்துக்குக் கீழே

கண் மருத்துவமனையிலிருந்து நேரே பேருந்து நிலையம் போவதாகத்தான் ஏற்பாடு. இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். வாசலுக்கு வந்ததும், "என் படம் மாட்டியிருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ தாயி" என்றார்.

மருமகள் சோனுனுக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வயதில், மலை மேய்ச்சலில், கிர்கிஸ் தலைநகரான இதே பிஷ்கெக்கிலிருந்து வந்த ஓவியர் ஒருவருக்காக ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று நாள் அசையாமல் நின்றவர் அவர். கீழே உன் பெயரையும் எழுதுவேன் என்று ஓவியர் வாக்குக் கொடுத்தாராம். "ஆட்டுக்குட்டி பேரை எழுதியிருப்பாங்கய்யா!" என்று ஐம்பது வருடமாக ஊரே சிரித்தது. அவர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. பெயர் இல்லாமல் போய்விட்டால் என்ற பயம்தான், வேறென்ன.

அருங்காட்சியகத்தின் மாடியில் படம் இருந்தது. மூக்கு அப்படியே அவள் கணவனின் மூக்கு. கம்பளித் தொப்பியில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

"கீழ என்ன போட்டிருக்கு? படி."

குனிந்து பார்த்தாள். சின்ன அட்டையில் 'மேய்ப்பன்' என்றிருந்தது. ஓவியர் பெயர், வருடம். அவ்வளவுதான்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. தெமிர்குல் என்ற அவர் பெயரில் தெமிர் என்றால் இரும்பு. அதனால் முப்பத்தொரு வருடமாக இரும்பைக்கூட 'கெட்டிச் சாமான்' என்றே சொல்லி வந்தாள். அதைக் கேட்பதற்கென்றே நாத்தனார்கள் அவளை ஆணி வாங்க அனுப்புவார்கள்.

பெயரைச் சொல்லத்தான் தயங்குகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். "உனக்குச் சங்கடமா இருந்தா விடு. இங்க யாராச்சும் இருந்தா படிக்கச் சொல்லு."

நாற்காலியில் பின்னல் போட்டுக்கொண்டிருந்த காவல்கார அம்மாள் அதைக் கேட்டு எழுந்து வந்தாள். சோனுன் மாமனாரின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா, நானே படிக்கிறேன்." மறுபடி அட்டைப் பக்கம் குனிந்தாள். "மேய்ப்பன்... தெமிர்குல்."

காவல்கார அம்மாள் அட்டையைப் பார்த்தாள், சோனுனைப் பார்த்தாள். "ஆமாங்கய்யா, பெரிய எழுத்துலதான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.

"உன் வாயால இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார் கிழவர்.

"எழுதியிருக்கிறதத்தானே படிச்சேன்." முகமெல்லாம் சூடேறியது. அவர் மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அவளுக்கே தெரியாது.

"இன்னொரு தடவை படி தாயி."

படித்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஒரு தோளை லேசாக உயர்த்தி, அதன் மேல் ஏதோ படுத்திருப்பதுபோல், அசையாமல் நின்றார்.